முட்டத்து விளக்கிலிருந்து எறிந்த பந்து

மொட்டை மாடியில், தண்ணீர் டாங்க்கின் மேல் கைபேசியை நிறுத்தி, பின்னால் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தேன். கைபேசிக்குள் என் வீட்டுக்காரர். சவுதியில், தன் அறையில், கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என் கையில் தென்னை மூட்டில் உதிர்ந்து கிடந்த ஒரு குரும்பை, தேங்காய்ப் பிஞ்சு.

"ம், எறி," என்றார்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் நேர் மேலே எறிந்தேன். குரும்பை தென்னை ஓலைக்கு மேலே போனது. போன வேகம் குறைந்து, ஒரு நொடி அங்கேயே நின்று யோசித்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. அன்றைக்குக் கடல்காற்று பலமாக இருந்ததை நானும் மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார். குரும்பை மாடிக்குத் திரும்பாமல் அடுத்த வீட்டுப் பொன்னம்மை அக்காவின் தொழுவத்துத் தகரத்தில் போய்ப் படாரென்று விழுந்தது. உள்ளே மாடு மிரண்டு கத்தியது.

"ஆருல அது, கல்லெறியது?" என்று அக்கா முற்றத்துக்கு வந்தாள்.

"நாந்தான் அக்கா. பகவதி."

"ஒனக்கு என்னட்டி ஆச்சு?"

"கணக்குப் படிக்கேன்."

அக்கா என்னை அண்ணாந்து பார்த்தாள். நாற்பதைத் தாண்டி, பேரனையும் பார்த்துவிட்ட ஒருத்தி, மாடியில் நின்று குரும்பையை வானத்துக்கு எறிந்துகொண்டு கணக்குப் படிக்கிறேன் என்கிறாள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இந்த நேரத்தில் கைபேசியிலிருந்து ஒரு குரல்: "ஏட்டி, இன்னும் விழல்லியே?"

நெட்வொர்க் அப்படி. எங்கள் ஊரில் விழுந்த குரும்பை சவுதியில் இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.

ஆயாவும் டீச்சரும்

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிறது. அப்போது நான் எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். பிள்ளைகள் வாயில் 'ஆயா'. கூட்டுவது, பருப்பு வேகவைப்பது, அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வது, ஒன்றுக்கு இருந்த பிள்ளைக்கு நிக்கர் மாற்றுவது எல்லாம் ஆயா. பாட்டுச் சொல்லிக்கொடுத்து, எடை போட்டு, பதிவு எழுதுகிறவர் டீச்சர். எங்கள் டீச்சர் ஓய்வு பெறப் போகிறார், பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் அந்த இடத்துக்கு நானே வரலாம் என்று ஆபீசில் சொன்னார்கள்.

நான் பத்தாம் வகுப்பு படித்தவள்தான். தேறவில்லை, அவ்வளவே. மற்ற பாடங்களில் நல்ல மதிப்பெண். கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. அந்த வருடமே எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை சொந்த அத்தை மகன். அதனால் கணக்கைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அத்தான் மட்டும் கவலைப்பட்டார். "இன்னொரு வாட்டி எழுதேன் பகவதி" என்று தாலி கட்டிய வாரத்திலேயே சொன்னார். அதற்குள் மகள் வந்தாள், வயல் வந்தது, அத்தையின் நீண்ட நோவு வந்தது. அத்தான் சவுதிக்கு எலக்ட்ரீஷியனாகப் போனார்.

போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "வீட்டுக்கு நிலையா ஒரு சம்பளம் வந்துட்டுதுன்னா, அடுத்த பிளேன்ல நான் இங்க இருப்பேன்." அந்த நிலையான சம்பளத்தை ஊரில் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். அது இப்போது என் முன்னால் வந்து நின்றது. எங்கள் இரண்டு வயலும் என் டீச்சர் வேலையும் சேர்ந்தால் எங்கள் இருவருக்கும் தாராளம். மகளுக்கும் கல்யாணம் முடிந்து மார்த்தாண்டத்தில் இருந்தாள். குறுக்கே நின்றது கணக்கு ஒன்றுதான்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அறிவு தாகத்தில் நான் கணக்குப் படிக்கவில்லை. என் புருஷன் வீடு வந்து சேர வேண்டும், அதற்குத்தான் படித்தேன்.

ஆயில் மில்லுக்கு மேலே

இரணியலில் ஒரு ஆயில் மில்லின் மாடியில் டுட்டோரியல் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும். படி ஏறும்போதே தேங்காய்ப் பிண்ணாக்கு மணம் மூக்கில் ஏறும். இன்றைக்கும் அந்த மணம் வந்தால் எனக்கு x-க்கு விடை கண்டுபிடிக்கத் தோன்றும். மில் ஓடும்போது பெஞ்சு லேசாக நடுங்கும். அதனால் எங்கள் எல்லோருடைய வரைபடமும் கொஞ்சம் வளைந்தே இருந்தது.

சொல்லிக்கொடுத்தது ஷீபா டீச்சர். என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். புதுக்கடைப் பக்கத்துப் பேச்சு, பாட்டுப் போல இழுக்கும். எங்களை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் தப்புப் பண்ணினால் அக்கா என்ற மரியாதையோடு சேர்த்தே திட்டுவாள். "அக்கா, இது என்னதுக்கா? கூறு இருக்கா அக்கா?"

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் முட்டத்துச் செல்வமேரி. அவளும் என்னைப் போல ஓர் ஆயாதான். நான் சைவம், அவள் கொண்டுவருகிற பாத்திரத்தில் எப்போதும் மீன். இரண்டு பேரும் எதிரெதிர் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து கணக்கில் தோற்போம்.

ஒரு ஞாயிறு டீச்சர் போர்டில் எழுதினாள். முட்டம் கலங்கரை விளக்கின் உச்சியில் நின்று ஒருவர் பந்தை நேர் மேலே எறிகிறார். உச்சி தரையிலிருந்து இருபத்தைந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எறிந்த வேகம் வினாடிக்கு இருபது மீட்டர். t வினாடி கழித்து அதன் உயரம் h = 25 + 20t – 5t². பந்து எப்போது தரையைத் தொடும்?

"தொடாது டீச்சர்," என்றாள் செல்வமேரி. "அங்க நிக்க காத்துக்குப் பந்து கடல்ல போய்க் கெடக்கும்."

"காத்து இல்லன்னு வச்சுக்கிடுங்க அக்கா."

"முட்டத்துல காத்து இல்லன்னு எப்பிடி டீச்சர் வச்சுக்க?"

ஒரு வழியாகக் காற்றை நிறுத்தினோம். தரையைத் தொடும்போது உயரம் பூஜ்யம். ஆக t² – 4t – 5 = 0. காரணிப்படுத்தினால் (t – 5)(t + 1). இந்தக் காரணிப்படுத்துதல் எனக்கு அதற்குள் கைவந்திருந்தது. விடை ஐந்து, மைனஸ் ஒன்று. நான் பெருமையாக எழுதினேன்: 'பந்து 5 வினாடியிலும் –1 வினாடியிலும் தரையைத் தொடும்.'

டீச்சர் என் விடையைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "அக்கா, மைனஸ எடுக்காண்டாம். நேரத்துக்கு மைனஸ் உண்டுமா?"

எங்கள் வீட்டுக் கடிகாரங்கள்

எனக்கு 'இது இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படி. அம்மா என்னை "எதிர்ச்சொல்லு" என்று கூப்பிடுவாள்.

"ஏன் டீச்சர் இருக்காது?" என்றேன். "எங்க வீட்டுல நேரம் தெனமும் மைனஸ்தான்."

எங்கள் பூஜை அறைச் சுவரில் இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்று நம் நேரம். மற்றது அத்தான் நேரம், நம்மைவிட இரண்டரை மணி பிந்தி. எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆள் போன வீட்டுக்கெல்லாம் இந்தக் கணக்கு மனப்பாடம். மகள் ஒன்று இரண்டு எண்ணப் படிக்கும் முன்பே இரண்டரையைக் கழிக்கப் படித்தாள். நான் சோறு வடிக்கும்போது அவர் காலையில் தேநீர் குடிப்பார். எனக்கு நடந்து முடிந்த நேரம் அவருக்கு இனிமேல்தான் வரும். அப்படி வாழ்கிறவளிடம் போய் நேரத்துக்கு மைனஸ் இல்லை என்றால் எப்படி ஒத்துக்கொள்வேன்? ஒரு பந்துக்கு இரண்டு நேரம் வந்ததும், ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று மனசு தானாகவே எடுத்துக்கொண்டது.

இதை நான் வகுப்பில் சொன்னேன். பெஞ்சில் பாதிப் பேர் வளைகுடாக்காரர்களின் மனைவிமார். ஒருத்தி, "அதானே!" என்றாள். இன்னொருத்தி, "எங்க ஆளுக்கு மைனஸ் ஒண்ணரை," என்றாள். வகுப்பே சிரித்தது. ஷீபா டீச்சரும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "பரீட்சைல இப்பிடி எழுதினா மார்க் போவும் அக்கா," என்று சிவப்பு மையில் என் மைனஸ் ஒன்றை அடித்தாள்.

அடித்தது செரி. ஏன் அடிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது எனக்குள் முள் மாதிரிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பு

அத்தானுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைப் பேச்சு என்றால் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வயலில் தண்ணீர் விட்டாயா என்பதுதான். பல வருடம் அதையே பேசினோம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு வந்த பிறகுதான் எனக்கும் அவருக்கும் பேசப் புதிதாக ஒன்று கிடைத்தது. கட்டிலில் உட்கார்ந்து அவரும் ஒரு தாளை வைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரர். ஆனால் அது எந்தக் காலம்! பாதி மறந்துபோயிருந்தது. இரண்டு பேரும் தடவித் தடவித்தான் போனோம்.

"h-ங்கது என்ன அத்தான்?"

"பந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு."

"அந்த இருபத்தஞ்சு?"

"நீ நிக்க எடம். எறியதுக்கு முந்தியே அந்த உயரம் ஒனக்கு உண்டுல்லா?"

"இருபது t, எறிஞ்ச வேகம். செரி. இந்த மைனஸ் அஞ்சு எங்கேருந்து வந்து குதிச்சுது?"

அதற்கு அவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து சொன்னார். பூமி இழுக்கிற இழுப்பைப் பத்து என்று வைத்துக்கொண்டால் அதில் பாதி ஐந்து. இழுக்க இழுக்க வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் நேரத்தின் வர்க்கம் வருகிறது. எனக்கு வர்க்கம் புரியவில்லை. அப்படியானால் எறிந்து பார் என்றார். அதில்தான் பொன்னம்மை அக்காவின் மாடு மிரண்டது.

குரும்பை எறிந்ததில் வர்க்கம் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது மேலே ஒரு நொடி நின்றது எனக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த நாள் அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கியபின், தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் எறிந்த கை கொடுத்ததையும், மறுபக்கம் மண் இழுத்ததையும் எழுதினேன். கை கொடுத்தது: இருபது, நாற்பது, அறுபது, எண்பது, நூறு. மண் இழுத்தது: ஐந்து, இருபது, நாற்பத்தைந்து, எண்பது, நூற்றிருபத்தைந்து.

எழுதிவிட்டுப் பார்த்தேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கை ஒரே சீராக இருபது இருபதாகத்தான் கொடுக்கிறது. மண் முதலில் கொஞ்சமாக இழுத்து, போகப் போகக் கூட்டிக்கொண்டே போகிறது. நாலாவது வினாடியில் இரண்டும் எண்பது. அதாவது பந்து மறுபடியும் விளக்கின் உச்சிக்கே வந்துவிட்டது. ஐந்தாவது வினாடியில் மண் இருபத்தைந்து கூடுதலாக இழுத்துவிட்டது. விளக்கின் உயரமும் அதே இருபத்தைந்து. பந்து தரையில்!

யாரும் சொல்லாமல் நானே கண்டேன். டீச்சர் ஆபீசுக்குப் போயிருந்தார், கூப்பிட்டுச் சொல்ல ஒரு பெரிய ஆள்கூட அங்கே இல்லை. பாயில் தூங்கிக்கொண்டிருந்த பதினைந்து பிள்ளைகளைப் பார்த்து மெதுவாக, "மக்களே, ஆயாவுக்கு வெளங்கிட்டுது," என்றேன்.

வெள்ளிக்கிழமை அத்தானிடம் காட்டினேன். கைபேசியில் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "அப்ப மொதல்ல எறிஞ்ச கை ஜெயிக்கும். கடைசில மண்ணுதான் ஜெயிக்கும், இல்லியா?" என்றார். சொல்லிவிட்டு, அறையில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார். எனக்கு அந்தப் பக்கம் யாரும் கூப்பிட்ட சத்தம் கேட்கவில்லை.

ரப்பர் காய்

இங்கே என் தம்பி வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன வாரம் இந்தப் பத்தியில் அவனைக் கேலி செய்து எழுதியதற்கு இன்னும் என்னோடு பேசாமல் இருக்கிறான், அதனால் இந்த வாரம் அவன் தோட்டத்தை மட்டும் சொல்கிறேன். மேற்கே மலையடிவாரத்தில் அவனுக்கு ரப்பர் இருக்கிறது. வெயில் ஏறினால் ரப்பர் காய் தானாக வெடிக்கும். டப்பென்று சத்தம், பிறகு விதைகள் நாலாபுறமும் பறந்து சருகில் விழும் சத்தம். சில விதை அவன் வீட்டு ஷீட் கூரை வரைக்கும் வரும்.

பரீட்சைக்கு முன்னால் அங்கே ஒரு நாள் போயிருந்தேன். தம்பி மனைவி தேங்காய் வறுத்தரைத்து வைத்த தீயலும் சோறும் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு விதை வந்து என் காலடியில் விழுந்தது. அது எந்த மரத்திலிருந்து வந்தது, எப்போது கிளம்பியது, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அது வந்து விழுந்த விதம் மட்டும். வந்த விதத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் பின்னாலேயே போய் எந்தக் கிளை என்று சொல்லிவிடலாம் இல்லையா?

முள் எடுபட்டது அங்கேதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வரைபடத் தாளை எடுத்தேன். கேள்வி பூஜ்யத்திலிருந்துதான் வரையச் சொல்கிறது. நான் இடது பக்கம் ஒரு கட்டம் கூடுதலாக விட்டேன். ஐந்தில் தரை, நாலில் இருபத்தைந்து, மூன்றில் நாற்பது, இரண்டில் நாற்பத்தைந்து, ஒன்றில் நாற்பது, பூஜ்யத்தில் இருபத்தைந்து. பென்சிலை எடுக்காமல் அப்படியே வளைத்துக்கொண்டு போனேன். கோடு மைனஸ் ஒன்றில் தரையில் வந்து நின்றது.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. பொறுக்க முடியாமல் அத்தானைக் கூப்பிட்டேன். சைட்டில் ஹெல்மெட்டோடு நின்றார்.

"அத்தான், மைனஸ் ஒண்ணு என்னன்னு தெரிஞ்சு போச்சு."

"என்ன?"

"இந்தக் கணக்குக்கு வெளக்கையும் தெரியாது, எறிஞ்ச ஆளையும் தெரியாது. பந்த மட்டுந்தான் தெரியும். இந்தப் பந்து யாரும் எறியாம அதுபாட்டுக்குப் பறந்து வந்ததுன்னா, ஒரு வினாடிக்கு முந்தித் தரையிலேருந்துதான் கெளம்பியிருக்கணும். நாமதான் எறிஞ்ச நேரத்தப் பூஜ்யம்னு வச்சோம். அதுக்கு முந்திப் பந்து நம்ம கையில இருந்துதுல்லா? அதனாலதான் அந்த விடை வேண்டாம்னு விடுகோம். தப்புன்னு இல்ல. நம்ம கதைல அது இல்ல, அவ்வளவுதான்."

ஹெல்மெட்டுக்குக் கீழே அவர் முகம் மலர்ந்தது. "கொள்ளாம் மக்கா," என்றார். "கொள்ளாம்." பக்கத்தில் நின்ற யாரிடமோ கைபேசியைத் திருப்பி, என்னைக் காட்டி இந்தியில் ஏதோ பெருமையடித்தார். ஒரு தாடிக்காரர் எனக்குக் கும்பிடு போட்டார்.

ஷீபா டீச்சரிடம் சொன்னபோது அவள் என் கையிலிருந்த தாளை வாங்கி எல்லோருக்கும் காட்டினாள். "இது சரிதான் அக்கா. எனக்கே இத இப்பிடிச் சொல்லத் தோணல்ல," என்றாள். பிறகு குரலை மாற்றி, "ஆனா பரீட்சைல இந்தக் கதை முழுக்க எழுதாண்டாம். ஒரு வரி போதும்," என்றாள்.

பாஸ்

பரீட்சையில் முட்டம் வரவில்லை. ஒரு பாறை உச்சியிலிருந்து ஒருவன் கல்லை எறிந்தான். எவன் எறிந்தால் என்ன, எனக்கு அவனைத் தெரியும். இரண்டு விடையும் வந்ததும், மைனஸ் விடைக்குப் பக்கத்தில் 'எறிவதற்கு முந்தைய நேரம், ஆகவே ஏற்கப்படவில்லை' என்று எழுதினேன். எழுதும்போது சிரிப்பு வந்தது. கண்காணிப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முடிவு வந்தபோது மார்த்தாண்டத்திலிருந்து மகள்தான் கூப்பிட்டாள். "அம்மா, பாஸ்!" என்று கத்தினாள். பின்னால் பேரன் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து கத்தினான். செல்வமேரியும் பாஸ். நான் உடனே சவுதிக்கு அழைத்தேன்.

"அத்தான், பாஸாயிட்டேன்."

அவர் முகம் உறைந்து நின்றது. நெட்வொர்க் என்று நினைத்தேன். இல்லை, திரையில் அவர் கண் இமைத்தது தெரிந்தது.

"நெசமாவா?" என்றார்.

"நெசமா. இனி எனக்கு டீச்சர் வேல கெடைக்கும். நீங்க வந்துரலாம்."

"ம்."

"என்ன 'ம்'?"

"எனக்குப் பயமா இருக்கு பகவதி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவருக்காக நான் ஆயில் மில் படி ஏறி இறங்கியிருக்கிறேன். இவருக்காக அடுத்த வீட்டு மாட்டை மிரட்டியிருக்கிறேன். "என்ன பயம்? சொல்லுங்க, என்ன பயம்?"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "இங்க எல்லாருக்கும் நான் தாணு அண்ணன். ஒரு லைன் கெட்டுதுன்னா என்னத்தான் விளிப்பாங்க. அங்க நான் ஆரு? லீவுக்கு வந்த ஆளு. வண்டிய விட்டு எறங்கதுக்குள்ள, 'எப்பம் வந்திய, எப்பம் போறிய'ம்பாங்க. ரெண்டையும் சேத்தேதான் கேப்பாங்க. நம்ம வீட்டுல சீனி டப்பா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீயும் மகளும் ஒரு மாதிரி ஓட்டிப் பழகிட்டிய. இனி நான் வந்து அங்கன எங்க இருக்க?"

கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. பல வருடமாக நான் ஒருத்திதான் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் அங்கே பயந்துகொண்டிருந்தார்.

"இம்புட்டுப் பயம் வச்சிக்கிட்டு, பின்ன ஏன் வெள்ளிக்கெழம தவறாம எனக்குக் கணக்குச் சொல்லித் தந்திய? நான் தோத்தா நல்லதுன்னு விட்டிருக்கலாமே?"

அவர் யோசிக்கவே இல்லை. "நீ கேட்டியே," என்றார்.

எத்தனையோ சொல்ல நினைத்தேன். ஒன்றுதான் வாயில் வந்தது. "எனக்கு நீங்க வேணும் அத்தான். நீங்க வேலைக்குப் போக வேண்டாம், சம்பளம் வேண்டாம். நான் அங்கன்வாடிக்குப் போயிட்டு வரும்போது வீட்டுல ஆள் இருக்கணும். அது போதும்."

"லீவு போட்டுட்டு வாறேன்," என்றார். "வந்து பாக்கலாம்."

வந்து பார்க்கலாம் என்பதற்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று எனக்கும் பயம்.

இரணியல் ஸ்டேஷன்

டீச்சர் வேலைக்கான உத்தரவு வந்து, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகிய பிறகுதான் அவருக்கு லீவு கிடைத்தது. திருவனந்தபுரத்தில் இறங்கி, டாக்ஸி வேண்டாம், ரயிலிலேயே வருகிறேன் என்றார். மகள் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. பிளாட்பாரத்துச் சிமெண்ட் பெஞ்சு ஈரம். நின்றுகொண்டே இருந்தேன். அவர் லீவுக்கு வருகிறாரா, முடித்துக்கொண்டு வருகிறாரா என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "வாறாரு" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

வண்டி வந்தது. நடுப் பெட்டியிலிருந்து முதலில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி இறங்கியது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு லீவுக்கும் வருகிற அதே மாதிரிப் பெட்டிகள். அதே டேப், அதே பெரிய எழுத்தில் அவர் பெயர். இவை இரண்டையும் காலி செய்து, ஏத்தங்காய் வத்தலும் ஊறுகாயும் நிரப்பி, மறுபடி கட்டித்தானே எப்போதும் அனுப்புவேன்.

கடைசியில் அவர் இறங்கினார். மெலிந்திருந்தார், தலை நரைத்திருந்தது. ஒரு கையில் தோள் பை. மறு கக்கத்தில் ஒரு பழைய தலையணை. பூப்போட்ட உறை, வெளுத்து, ஓரம் கிழிந்து, நடுவில் அவர் தலை அழுந்திய குழி அப்படியே இருந்தது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு சொன்னார். "அங்க ஆருக்கும் குடுக்க மனசு வரல்ல."

லீவுக்கு வருகிற எவரும் தலையணையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

பெட்டிகளை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, தலையணையை மட்டும் அவர் கக்கத்திலிருந்து உருவி, என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.